தடவுவதை விடுங்கள், கழுவுங்கள்

நாய் லேசாகச் சொறிய ஆரம்பித்தால் போதும், நம் ஊரில் ஆளாளுக்கு ஒரு டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள், குப்பைமேனிச் சாறு, கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். எதுவும் சரிப்படவில்லை என்றால் மெக்கானிக் கடையிலிருந்து கழிவு ஆயில். கைவைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. எங்கள் வீட்டு மணியின் சின்னச் சின்னத் தோல் தொந்தரவுகளை நாங்களும் வீட்டிலேயேதான் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் நாய்க்குத் தடவுகிற வைத்தியத்தைவிடக் கழுவுகிற வைத்தியம்தான் உருப்படியானது என்பது என் கட்சி.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. நாய்க்கு நாக்கு இருக்கிறது. தோலில் எதைத் தடவினாலும் கொஞ்ச நேரத்தில் அது வயிற்றுக்குள் போய்விடும். "வேப்பெண்ணெயைத் தடவி விடு தம்பி, பூச்சியெல்லாம் ஓடிப்போயிடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடுதான் சொல்கிறார். நாய் அதை நக்கிவிட்டு எச்சில் ஒழுக வாந்தி எடுப்பதை அவர் பார்ப்பதில்லை. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பே வரலாம். கற்றாழையை வெட்டியதும் வழிகிற மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கிவிடும். அதை வடியவிட்டு, நன்றாக அலசி, உள்ளே இருக்கிற சோற்றை மட்டும் எடுத்தால் பரவாயில்லை. கலமைன் லோஷன் பிள்ளைகளுக்கே போடுகிறோமே என்பார்கள். அதில் இருக்கிற துத்தநாக ஆக்சைடு நாய் வயிற்றுக்கு ஆகாது. கழிவு ஆயிலைப் பற்றி என்ன சொல்ல? வண்டியிலிருந்து வடித்துக் கொட்டுகிற விஷம் அது.

இன்னொரு வகை, மாட்டு வைத்தியத்தை நாய்க்குத் திருப்பிவிடுவது. கோமாரி வந்த மாட்டின் கால் புண்ணுக்குக் குப்பைமேனி, பூண்டு, வேப்பிலை, மருதாணி, துளசி, மஞ்சள் எல்லாவற்றையும் அரைத்து எண்ணெயில் காய்ச்சிப் போடுவார்கள். தேசியப் பால்வள வாரியமே மாடு வளர்ப்பவர்களுக்குச் சொல்லித்தருகிற முறை அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பூண்டு நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மாட்டுக்கு எழுதிய சீட்டை நாய்க்குக் காட்டக் கூடாது.

நம் தோலுக்குச் சரிப்படுவது அதற்கும் சரிப்படும் என்ற நினைப்பும் தப்பு. நம் மேல்தோலில் பத்துப் பதினைந்து செல் அடுக்குகள் இருந்தால் நாய்க்கு மூன்றிலிருந்து ஐந்துதான். அமிலத்தன்மையும் வேறு. நமக்கான ஷாம்பு, எலுமிச்சைச் சாறு, டெட்டால் எல்லாம் அந்த மெல்லிய தோலை இன்னும் எரிச்சலாக்கும்.

சரி, கழுவுவது என்றால் எப்படி? அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். சுத்தமான பருத்தித் துணியை அதில் நனைத்துச் சிவந்த இடத்தை ஒற்றி எடுக்கலாம். உடம்பெல்லாம் அரிப்பு என்றால் வெறும் ஓட்ஸை நைசாகப் பொடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அரிப்பைத் தணிக்கிற சேர்மங்கள் ஓட்ஸில் இருக்கின்றன. நாய் நக்கினாலும் பயமில்லை. (மசாலா ஓட்ஸ் வேண்டாம் சாமி, அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கும்.)

கழுவியதும் துவட்டவேண்டும். இதைத்தான் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் நடந்துவிட்டு வந்த நாயின் கால் விரல்களை விரித்துப் பாருங்கள். இடுக்கில் சேறு, ஈரம், நக்கி நக்கிப் பழுப்பேறிய முடி. அங்கே களிம்பு போட்டால் ஈரம் இன்னும் உள்ளேயே அடைபடும். பழைய துண்டால் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்து ஃபேனுக்குக் கீழே படுக்கவைத்தாலே பாதி அரிப்பு அடங்கிவிடும். லேப்ரடார், கோல்டன் மாதிரி அடர்த்தியான முடி உள்ள நாய்களுக்கு உள்முடி காயாமல் இருந்தால் சில மணி நேரத்திலேயே ஈரப்புண் கிளம்பிவிடும். சென்னைப் புழுக்கத்தில் இவற்றை வாங்கிவிட்டுத் துண்டு பிடிக்கச் சோம்பல் படுவோரை என்ன செய்வது?

அதற்கும் முன்னால், ஏன் சொறிகிறது என்று பாருங்கள். வால் ஆரம்பிக்கிற இடத்தில் முடியை விலக்கிப் பேன்சீப்பால் வாரி, விழுவதை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மிளகுத்தூள் மாதிரி கருப்பாக விழுந்த துகள்களைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது வெறும் அழுக்கு இல்லை, தெள்ளுப்பூச்சியின் கழிவு. அந்த நிறம் உங்கள் நாயின் ரத்தம். பூச்சி இருக்கிறவரை எந்த மூலிகையும் அரிப்பை நிறுத்தாது. உண்ணியும் அப்படித்தான். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்மேல் இடாது, சுவர் விரிசலிலும் படுக்கைக்கு அடியிலும் இடும். கடித்துக்கொண்டிருக்கிற உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். ஊதுபத்தியால் சுடுவது, விரலால் நசுக்குவது எல்லாம் வேண்டாம். வீட்டையும் சுத்தம் செய்து, மருத்துவரிடம் எடையைச் சொல்லி மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் இயற்கை நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், தெரியும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் கண்முன்னே ரத்தம் குறைந்து வெளிறிப்போவதைப் பார்த்தவர்கள் கோபிக்கமாட்டார்கள்.

இரண்டு மூன்று நாளில் குறையவில்லையா? சீழ், நாற்றம், காது ஓரத்திலும் முழங்கையிலும் பொருக்கு, வட்டமாக முடி கொட்டுவது, இதில் எது இருந்தாலும் அரசு கால்நடை மருத்துவமனைக்காவது கூட்டிப்போங்கள். சில வகைச் சொறியும் படர்தாமரையும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். மெடிக்கலில் நமக்குத் தருகிற மூன்று மருந்து கலந்த அரிப்புக் களிம்பைப் பூசிக்கொண்டு போகாதீர்கள். அதிலிருக்கும் ஸ்டீராய்டு சிவப்பை மறைத்துவிடும், மருத்துவர் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

கமெண்டில் படம் போட்டு "அண்ணா, இதுக்கு என்ன தடவலாம்" என்று மட்டும் கேட்காதீர்கள். தாளில் என்ன விழுந்தது என்று எழுதுங்கள், பேசலாம்.