எட் ரீடும் ஷான் டெய்லரும் ஒரே பக்கம் நின்றிருந்தால்

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம். அமெரிக்கக் கால்பந்தில் ஒரே கல்லூரியில் ஆடி வந்தவர்களை மட்டும் வைத்து ஓர் அணி கட்டி, அதை அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் சாம்பியனோடு மோதவிட்டால் யார் ஜெயிப்பார்கள்? ஆளுக்கொரு கல்லூரியைச் சொன்னார்கள். அலபாமா, எல்.எஸ்.யூ., ஒஹாயோ ஸ்டேட். நான் மயாமி என்றேன், எட் ரீடும் ஷான் டெய்லரும் தடுப்பில் ஆடிய கல்லூரி. எந்த வருஷம் என்று கேட்டதும் 2004 என்றேன். எதிரே, அந்தப் பருவத்தில் 14 ஆட்டம் ஜெயித்து 2 மட்டுமே தோற்று இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் தூக்கிய நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். அன்றைக்குப் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

கல்லூரிக்காரர்களைத் தொழில்முறை சாம்பியனோடு மோதவிடுவது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1934-ல் சிகாகோ டிரிப்யூனின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட் இதை ஆரம்பித்து வைத்தார். அந்த வருஷம் கல்லூரி முடித்த சிறந்த ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம், முந்தைய பருவத்தின் சாம்பியன் மறுபக்கம். முதல் ஆட்டம் சிகாகோ பேர்ஸுடன் 0-0. மொத்தம் 42 ஆட்டங்களில் கல்லூரி அணி ஜெயித்தது ஒன்பதுதான். கடைசி வெற்றி 1963-ல், வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே பேக்கர்ஸை 20-17 என்று சாய்த்தது. 1976-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 24-0 என்று முன்னால் இருந்தபோது கொட்டிய மழையில் ஆட்டத்தைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதற்கப்புறம் அந்தப் போட்டியே நடக்கவில்லை.

அந்தப் பையன்கள் தோற்றதில் ஆச்சரியமே இல்லை. சில வாரப் பயிற்சி, வெவ்வேறு கல்லூரி, ஒருவர் பழக்கம் இன்னொருவருக்குத் தெரியாது. என் மயாமி அணியை அந்தத் தட்டில் வைக்காதீர்கள். இவர்கள் எல்லாரும் ஏற்கெனவே என்.எஃப்.எல்.லில் ஆடிக்கொண்டிருந்தவர்கள், பலர் உச்சத்தில் இருந்தவர்கள்.

ஏன் 2004? மயாமியின் 2001 அணி 12-0 என்று தோல்வியே இல்லாமல் பருவத்தை முடித்தது, கடைசி ஆட்டமான ரோஸ் பவுலில் நெப்ராஸ்காவை 37-14 என்று நொறுக்கியது. அந்த ஒரே அணியிலிருந்து 38 பேர் டிராஃப்டில், அதாவது என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறையில், எடுக்கப்பட்டார்கள், அதில் 17 பேர் முதல் சுற்றில். 2004-ல் இவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைக்கு வந்து காலூன்றிவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் போன அண்ணன்மாரும் இன்னும் களத்தில் இருந்தார்கள். இரண்டு தலைமுறையும் சேர்ந்து நின்றது அந்த வருஷத்தில்தான்.

அந்தப் பருவத்தின் கணக்கை மட்டும் பாருங்கள். பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்கில் எட்ஜரின் ஜேம்ஸ் இண்டியானாபொலிஸுக்கு 1,548 யார்டு, கிளின்டன் போர்ட்டிஸ் வாஷிங்டனுக்கு 1,315, வில்லிஸ் மெகாஹீ பஃபலோவுக்கு 1,128. மூன்று பேரில் யாரை உட்கார வைப்பது? மெகாஹீ 2003 ஜனவரியில், ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான ஃபியஸ்டா பவுலில் முழங்கால் சிதைந்து விழுந்தவர். அவர் இனி ஓடவே மாட்டார் என்று பேசியவர்கள் உண்டு. எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் ரெஜி வெய்ன், ஆண்ட்ரே ஜான்சன் இருவருமே ஆயிரம் யார்டைத் தாண்டினார்கள். அவர்களோடு சான்டானா மாஸ். தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்டில் ஜெரமி ஷாக்கி.

தடுப்புப் பக்கம் இன்னும் பயங்கரம். நடுவில் வின்ஸ் வில்ஃபோர்க், பக்கத்தில் வாரன் சாப். பின்னால் ரே லூயிஸ், அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகத் தடுப்பாளர் ஜொனதன் வில்மா, டி.ஜே. வில்லியம்ஸ். வில்ஃபோர்க் அப்போது பேட்ரியட்ஸின் புதுமுகம் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் இந்தப் பக்கம் வந்தால் அங்கே ஓர் ஆள் குறைவார். அதோடு, தினமும் பயிற்சியில் அவர்களோடு முட்டி மோதியவர் என்பதால் அவர்கள் பழக்கமெல்லாம் அவருக்கு அத்துப்படி.

சரி, குறையையும் சொல்லத்தான் வேண்டும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக். கென் டோர்சி கல்லூரியில் 38 ஆட்டம் ஜெயித்து இரண்டே இரண்டில் தோற்றவர், ஆனால் அவர் கைவலு என்.எஃப்.எல்.லுக்குப் போதவில்லை. அதனால் வின்னி டெஸ்டவெர்டியைத்தான் நிறுத்த வேண்டும். வயது நாற்பதைத் தாண்டியும் அந்தப் பருவத்தில் டாலஸுக்கு ஆடினார், நிறைய யார்டு எடுத்தார், கூடவே 20 பந்துகளை எதிரணியிடம் பறிகொடுத்தார். இதில் இன்னொரு சிக்கல். பேட்ரியட்ஸின் பயிற்சியாளர் பில் பெலிசிக் 1993-ல் கிளீவ்லாந்தில் இருந்தபோது குவாட்டர்பேக் பெர்னி கோசாரை நீக்கிவிட்டு டெஸ்டவெர்டியை நம்பினார். இருவருமே மயாமிக்காரர்கள்! டெஸ்டவெர்டி எப்போது பதறுவார், எந்தப் பக்கம் பார்ப்பார் என்று பெலிசிக்கைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

நண்பர்கள் குவாட்டர்பேக்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் குவாட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் ஆஃபன்ஸிவ் லைனின் நடுப்பகுதி. இடது ஓரத்தில் பிரையன்ட் மெக்கின்னி, வலது ஓரத்தில் வெர்னன் கேரி. ஓரம் பத்திரம். நடுவில் பிரெட் ராம்பர்க். 2002-ல் கல்லூரி அளவில் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது வாங்கியவர், ஆனால் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. அவருக்கு எதிரே பேட்ரியட்ஸின் தடுப்பாளர் ரிச்சர்ட் சீமோர் வந்து நின்றால்? டெஸ்டவெர்டியின் கால்கள் ஓடித் தப்பிக்கும் கால்கள் இல்லை. எதிர்ப்பக்கம் பேட்ரியட்ஸின் லைனில் ஆடிய ஸ்டீஃபன் நீல் கல்லூரியில் கால்பந்தே ஆடாதவர், மல்யுத்த வீரர். அவரைச் சேர்த்து அந்த ஐந்து பேரையும் ஒரே உடம்பு மாதிரி அசைய வைத்தது தினசரிப் பயிற்சி. லைன் என்பது பெயர்களை அடுக்கிக் கட்டுகிற விஷயம் இல்லை. பக்கத்தில் நிற்பவன் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பான் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் ஏன் மயாமி என்கிறேன்? மற்ற கல்லூரிகளுக்கு இல்லாத ஒன்று இவர்களிடம் இருந்தது. தொழில்முறைக்குப் போனவர்கள் கோடை விடுமுறையில் கோரல் கேபிள்ஸில் உள்ள மயாமி கல்லூரி வளாகத்துக்குத் திரும்பி வருவார்கள். கிரீன்ட்ரீ பயிற்சி மைதானத்தில், அந்த வெயிலில், மாணவர்களோடு மாணவர்களாக ஓடுவார்கள். ஒரே ஆண்டில் படிக்காதவர்கள்கூட ஒருவரை ஒருவர் எதிர்த்து ஓடிப் பார்த்திருக்கிறார்கள். 1963-ன் கல்லூரி அணிக்கு இதெல்லாம் கிடைக்கவில்லை. அதனால் என் கணக்கு இதுதான்: மூன்று வாரப் பயிற்சி என்றால் பேட்ரியட்ஸ் ஜெயிக்கும். மூன்று மாதம் கொடுங்கள், மயாமி 17-13.

பதின்மூன்றுக்கு மேல் போகவிடமாட்டார்கள் என்று நான் நம்புவதற்குக் காரணம் 2001 நவம்பரில் பாஸ்டன் கல்லூரியோடு நடந்த ஆட்டம். மயாமி 12-7 என்று முன்னால் இருக்கிறது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை, பாஸ்டன் கல்லூரி எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இன்னும் ஒரு டச் டவுன் விழுந்தால் தோல்வியே இல்லாத பருவம் போச்சு. எறிந்த பந்து மைக் ரம்ஃபின் காலில் பட்டு மேலே எழும்புகிறது. அது போய் விழுந்தது மேட் வால்டர்ஸ் கையில். ஆஜானுபாகு, டிஃபன்ஸிவ் டேக்கிள் என்ற முன்வரிசைத் தடுப்பாளர், பந்தோடு ஓடிப் பழகாதவர். ஓட ஆரம்பிக்கிறார். பின்னாலிருந்து வருகிறார் எட் ரீட். எதிரியிடமிருந்து இல்லை, தன் அணி வால்டர்ஸின் கையிலிருந்தே பந்தைப் பிடுங்குகிறார். அப்புறம் 80 யார்டு ஒரே ஓட்டம், டச் டவுன், 18-7. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தப் பிடுங்கலில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வால்டர்ஸும் விட்டுக்கொடுத்தார் பாருங்கள், இழுத்துப் பிடிக்கவில்லை.

2004-ல் அதே ரீட் பால்டிமோருக்கு ஒன்பது இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடிப்பது) எடுத்து, லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். ஷான் டெய்லர் அதே வருஷம் வாஷிங்டனில் புதுமுகம். 2001-ல் ரீட் கடைசி ஆண்டு மாணவர், டெய்லர் முதலாண்டு. அந்த ஒரு பருவத்தோடு சரி, அப்புறம் இருவரும் ஒரே அணியில் ஆடவே இல்லை. பால்டிமோரும் வாஷிங்டனும் காரில் ஒரு மணி நேரத் தூரம்தான்.

2007 நவம்பரில், மயாமி பக்கத்தில் இருந்த தன் வீட்டிலேயே, புகுந்த திருடர்கள் சுட்டதில் டெய்லர் இறந்துபோனார். வயது 24.

யார் ஜெயிப்பார்கள் என்ற வாதத்தில் நண்பர்கள் என்னைத் தோற்கடிக்கட்டும், பரவாயில்லை. நான் இந்த ஆட்டத்தைக் கேட்பதே ஒரு காட்சிக்காகத்தான். நான்காவது கால் பகுதி, மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் 12 யார்டு வேண்டும். பேட்ரியட்ஸின் குவாட்டர்பேக் டாம் பிரேடி பின்னால் நகர்ந்து நிமிர்ந்து பார்க்கிறார். இடது பக்கம் ஆழத்தில் 20-ம் எண் சட்டையில் ரீட், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டு. வலது பக்கம் 26-ம் எண்ணில் டெய்லர், ரீட் போன இடத்தின் காலியையும் சேர்த்துக் காவல் காத்துக்கொண்டு.