நாலு சில்லும் இழுத்தால் போதுமா?

போன கிழமை மச்சான் ஒரு ஜெர்மன் செடான் பார்க்கப் போனான். "ரியர் வீல் ட்ரைவ் கனடாக் குளிருக்குச் சரிவராது, ஓல் வீல் ட்ரைவ்தான் எடுங்கோ அண்ணை" என்றாராம் விற்பவர். நான் வேண்டாம் என்றேன். அவனுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கிவிட்டது. அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

ரியர் வீல் ட்ரைவில் எஞ்சினின் வலு பின்சில்லு இரண்டுக்கும்தான் போகும்; ஓல் வீல் ட்ரைவ் அதை நாலு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும். பனிக்குள் நின்ற கார் வெளிக்கிட அது பெரிய உதவிதான். ஆனால் பிரேக் எல்லாக் காரிலும் நாலு சில்லிலும் இருக்கிறது. நிற்பதற்கு உதவுவது ரயர். உள்ளங்கை அளவான நாலு ரப்பர்த் துண்டுதான் றோட்டைத் தொடுகிறது; குளிர் 7 பாகைக்குக் கீழே போனதும், வருஷம் முழுக்கப் போடலாம் என்று விற்கிற ஓல் சீசன் ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும்.

இதை மச்சானின் பழைய காரிலேயே பார்த்தேன். அதுவும் ஓல் வீல், ஓல் சீசன் ரயர். ஸ்காபரோவில் ஒரு ஜனவரி இரவு, சாப்பாட்டுக் கடையிலிருந்து வெளிக்கிடும்போது, "பார்த்தியா, வழுக்கவே இல்லை" என்றான். அடுத்த சந்தியில் சிவப்பு லைற். பிரேக்கை மிதித்தான், சில்லு இறுகி நிற்காமல் தடுக்கிற ஏபிஎஸ் கடகடவென்று உதைத்தது, கார் தன்பாட்டுக்குப் போய்க் கோட்டைத் தாண்டி நின்றது. என் மடியிலிருந்த கொத்துரொட்டிப் பார்சல் காலடியில் கிடந்தது.

என்னுடைய ரியர் வீல் காராக இருந்தால் வெளிக்கிடும்போதே பின்சில்லு ஒருமுறை சுற்றியிருக்கும். றோட்டு வழுக்குகிறது என்று அப்போதே தெரிந்திருக்கும். ஓல் வீல் அந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது, எனக்கு அதுதான் பயம்.

அப்புறம் ஓட்டுகிற சுகம். முன்சில்லுக்குத் திரும்புகிற வேலை மட்டும் இருந்தால் ஸ்டியரிங் கையில் லேசாக, தெளிவாகப் பேசும். மூக்கில் பாரமும் குறைவு. சொகுசுக் காருக்குக் காசு கொடுப்பதே இதற்குத்தானே? பிஎம்டபிள்யூவின் வேகச் செடானான எம்5 ஐந்து தலைமுறை ரியர் வீலாகவே வந்தது. 2017இல் அறிமுகமான ஆறாவது தலைமுறையில் 600 குதிரைவலு. அதோடு ஓல் வீலுக்கும் மாறினார்கள். அதிலும் பின்சில்லு மட்டும் இழுக்கிற ஒரு தெரிவை விட்டுவைத்தார்கள். அவர்களுக்கே மனம் வரவில்லை போல.

சரி, வீட்டு வாசல் செங்குத்தான ஏற்றமா, பனி வழிக்காத கிராமத்து றோட்டா, ஓல் வீலே எடுங்கள். அதற்கும் குளிரில் இறுகாத வின்ரர் ரயர் வேண்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். எந்தச் சில்லு இழுக்கிறது என்று சட்டம் கேட்பதில்லை. ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் இன்சூரன்சில் கழிவு கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை.

மச்சானுக்கு இன்னொரு தொல்லை: இங்கே விற்பவர்களின் முற்றத்தில் நிற்கிற புது ஜெர்மன் செடான்களில் பெரும்பாலானவை ஓல் வீல்தான். ரியர் வீல் வேண்டுமென்றால் பாவித்த கார்களுக்குள் தேட வேண்டும். சனிக்கிழமை ஒன்றைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறான், இன்னும் முகம் சரியாகவில்லை.