ரெஜிமெண்ட் பெயரில் உள்ள ஊர், முகாம் இருந்த ஊர் அல்ல
பிரிட்டிஷ் படைவீரரான முன்னோரைத் தேடுபவர்கள், அவருடைய ரெஜிமெண்ட் (படைப்பிரிவு) பெயரில் எந்த மாவட்டம் இருக்கிறதோ அங்கேயே தேடினால் போதும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்கிறார்கள். அது சரியில்லைங்க. காலாட்படைகளுக்கு 1782இல் மாவட்டப் பெயர் வைத்தது முக்கியமாக ஆள்சேர்ப்புக்காக. 39ஆம் ரெஜிமெண்டையே பாருங்கள், அப்போது கிழக்கு மிடில்செக்ஸ், 1807இல் டார்செட்ஷயர்! படையோ அயர்லாந்து, ஜிப்ரால்டர், இந்தியா என்று மாறிக்கொண்டே இருந்தது, குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவும் பெரும்பாலும் அந்தந்த முகாம் ஊரில்தான் கிடைக்கும்.

நீங்களே சரிபார்க்கலாம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூஓ 12' (WO 12, போர் அலுவலக ஆவணங்கள்) வரிசையில் ஆள்கணக்கு, சம்பளப் பட்டியல்கள் இருக்கின்றன. உங்கள் முன்னோரின் பெயர் வரும் காலாண்டை எடுத்து, படை அப்போது எந்த ஊரில் இருந்தது என்று பாருங்கள், அப்புறம் அந்த ஊர்ப் பதிவேட்டைத் தேடுங்கள்.