காற்றின் வேகத்தை முதலில் சொல்லுங்கள், வணக்கத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்

கடலுக்குப் போகலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதன் பதினோரு நிமிஷம் வீடியோ பார்க்க வேண்டுமா? பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று இந்த ராமநாதபுரம் கரை முழுக்க இப்போது எதற்கெடுத்தாலும் வீடியோ. புயல் வந்தால் வீடியோ, ரயில் நேரம் மாறினால் வீடியோ, கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கிறார்களா இல்லையா என்பதற்கும் வீடியோ. ஒரு வரி எழுதிப் போட்டால் முடிகிற சமாச்சாரத்துக்கு ஒருவர் கேமரா முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். ஆனால் கண்ணால் பார்த்தே தீர வேண்டிய ஒன்று வந்துவிட்டால், அதை மட்டும் காட்ட மாட்டேன் என்கிறார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாயிற்று.

வானிலையில் இருந்தே ஆரம்பிக்கிறேன். வயிறு எரிவது அங்கேதான்.

போன தடவை வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தபோது எங்கள் தெருவில் எல்லார் போனுக்கும் ஒரே வீடியோ வந்தது. முகப்பில் சிவப்பு எழுத்தில் ‘ராமேஸ்வரத்தை விழுங்க வருகிறது’. பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர். பின்னால் பளபளவென்று வெயிலடிக்கும் நீலக்கடலில் சுருண்டு எழும்பும் அலை. அலைச்சறுக்கு விளையாடுகிற ஏதோ ஒரு தேசத்துக் கரை அது. நம் வடகடலில், அதாவது பாக் நீரிணையில், அலை அப்படியா சுருளும்? திறந்தால் பூமி உருண்டை சுழல்கிறது, டமார் என்று ஒரு சத்தம். ‘வணக்கம் உறவுகளே.’ அப்புறம் சப்ஸ்க்ரைப், பெல் பட்டன், லைக், ஷேர். அப்புறம் புயல்களுக்கு யார் பெயர் வைக்கிறார்கள் என்று ஒரு பெரிய கதை. நடுவில் ஒரு விளம்பரம். ஏழாவது நிமிஷத்தில்தான் ‘சரி, இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம்’ என்கிறார். முக்கியமான விஷயம் என்று உனக்கே தெரிகிறதே, அதை ஏன் ஏழு நிமிஷம் ஒளித்து வைத்தாய்?

என் அண்ணன் பாம்பன் தெற்குவாடியில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறவர். அவருக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம். எந்தக் கடல், மன்னார் வளைகுடாவா, பாக் நீரிணையா? எதுவரைக்கும்? காற்று எவ்வளவு? வானிலை ஆய்வு மையம் வெளியிடும் மீனவர் எச்சரிக்கையில் இவ்வளவும் ஒரே பத்தியில் இருக்கிறது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக்காற்று, இந்தத் தேதி வரை மீனவர்கள் போக வேண்டாம். முடிந்தது. அந்தப் பத்தியை அப்படியே எழுதிப் போட்டால் வலையைத் தூக்கித் தோளில் போடுவதற்குள் படித்துவிடலாம். அவரோ அதிகாலையில் வாசல்படியில் உட்கார்ந்து, அந்த வீடியோவைத் தள்ளித் தள்ளி, எங்கே சொல்கிறான் எங்கே சொல்கிறான் என்று விரலால் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் கிடைத்தது என்ன? ‘மீனவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.’ காற்றின் வேகத்தை அந்த மனிதர் கடைசிவரை சொல்லவே இல்லை!

பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய அன்றைக்கும் இதே கூத்து. ஒன்றாம் எண் என்றால், தூரத்துக் கடலில் புயல் உருவாகக்கூடிய நிலைமை இருக்கிறது என்று தகவல், அவ்வளவுதான். இரண்டு என்றால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று அர்த்தம். வயதானவர்கள் பலருக்கு இது மனப்பாடம். ஒன்றாம் கூண்டுக்கு அபாயச் சங்கு ஊதி, சாவு வீட்டு இசை போட்டு வீடியோ விட்டால், நாளைக்கு நிஜமாகவே எட்டாம் கூண்டு ஏறும்போது எவன் நம்புவான்? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையும், அதை நோக்கி வந்துகொண்டிருந்த ரயிலையும் கடல் எடுத்துக்கொண்ட கரை இது. இங்கே வந்து புயலை வைத்துப் பூச்சாண்டி காட்டுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏன் இழுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எட்டு நிமிஷத்துக்குக் குறைந்த வீடியோவின் நடுவில் விளம்பரம் வைக்க யூடியூபில் வழி இல்லை. 2020 வரைக்கும் அந்த வரம்பு பத்து நிமிஷமாக இருந்தது. அதனால்தான் ஒரு நிமிஷச் செய்தி ஒன்பது நிமிஷமாகிறது. சம்பாதிக்கட்டும், எனக்கு அதில் பொறாமை இல்லை. எங்கள் பகுதியிலேயே ஒரு தம்பி சேனல் நடத்துகிறான். அவனிடம் நேராகவே கேட்டேன். ‘ரெண்டு நிமிஷத்துல போட்டா எனக்கு என்னக்கா நிக்கும்?’ என்றான். நியாயமான கேள்விதான். நான் சொன்னதும் இதுதான்: சேதியை முதல் இருபது வினாடியில் சொல்லிவிடு. வேகம், தேதி, எந்தக் கடல் என்பதைத் திரையில் பெரிய எழுத்தில் போடு. வீடியோவுக்குக் கீழேயும் எழுதிப் போடு. அதற்கப்புறம் புயலுக்கு யார் பெயர் வைத்தது, போன புயல் எப்படிப் போனது என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. ஆசைப்பட்டவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். இன்னொன்றும் உண்டு. வீடியோவின் கீழே 00:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று இடங்களுக்கு நேரத்தையும் தலைப்பையும் எழுதினால் யூடியூபே அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும். எழுத இரண்டு நிமிஷம் ஆகுமா? அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்றால் பார்க்கிறவனின் நேரத்தைப் பற்றி உனக்கு என்ன மரியாதை?

படிக்கத் தெரியாதவர்களுக்கு வீடியோதானே வசதி என்று சிலர் கேட்கிறார்கள். சரிதான். எங்கள் அம்மாவுக்கே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவருக்குக் குரல் வேண்டும். அந்தக் குரல் முதலிலேயே விஷயத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. பாம்பனில் கடல் ஓசை 90.4 என்று மீனவர்களுக்காகவே ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. படம் இல்லை, பூமி உருண்டை இல்லை, வாய்வார்த்தை மட்டும்தான். அதில் விஷயம் போய்ச் சேருகிறதே!

டேட்டா கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட். முந்நூறு குறிகள் கொண்ட எச்சரிக்கை ஒரு கேபிகூட வராது. பதினோரு நிமிஷ வீடியோ, தரத்தை எவ்வளவு இறக்கினாலும் எம்பி கணக்கில்தான் வரும். மழை நேரத்தில் கரண்ட் போய், டவர் தடுமாறும்போது எது வந்து சேரும்? தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனைப் பக்கம் நல்ல நாளிலேயே போன் இலங்கை டவரைப் பிடிக்கப் பார்க்கும். அங்கே நிற்கிறவன் வட்டம் சுற்றுவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

தேதி இல்லாத வீடியோ அடுத்த அநியாயம். 2024 நவம்பரில் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஒரே நாளில் பேய்மழை கொட்டியதே, அன்றைக்கு எடுத்த துண்டுகள் அதற்குப் பிறகு மழை தூறும்போதெல்லாம் ‘சற்றுமுன்’ என்று வலம் வருகின்றன. தொண்டியில் இருந்தும் கீழக்கரையில் இருந்தும் பிழைக்கப் போன பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு அது போகிறது. நடுராத்திரி போன் வருகிறது. ‘அம்மா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சா? மாடில ஏறி இருங்கம்மா.’ இங்கே தெரு காய்ந்து கிடக்கிறது. எடுத்த தேதியையும் இடத்தையும் படத்தின் மேலேயே எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கியிருப்பான். வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறி வந்ததற்கு இரட்டை அம்புக்குறி காட்டும். ஆனால் பதறிப்போனவன் அம்புக்குறியையா பார்ப்பான்?

சரி, வீடியோ நிஜமாகவே தேவைப்படும் இடத்துக்கு வருகிறேன்.

பைபர் படகில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்குள் ரப்பர் இம்பெல்லர் ஒன்று இருக்கும். கடல்தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைப்பது அதுதான். ஆழம் குறைந்த இடத்தில் ஓட்டும்போது மணலும் சேர்ந்து ஏறி அதன் இறக்கைகளைத் தின்றுவிடும். பின்னால் பீச்சியடிக்கும் தண்ணீர் மெலிந்தால் இம்பெல்லரைப் பார்க்க வேண்டும் என்று படகுக்காரர்களுக்குத் தெரியும். மாற்றும்போது எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: புதுசைச் சொருகும்போது இறக்கைகள் எந்தப் பக்கம் மடங்கியிருக்க வேண்டும்? எஞ்சின் சுற்றும் திசையைப் பொறுத்த விஷயம் அது. வாயால் சொன்னால் குழப்பும், எழுதினாலும் குழப்பும், காட்டினால் மூன்று வினாடியில் விளங்கும். வீடியோ என்ற ஒன்று இருப்பதே இதற்காகத்தான். அண்ணனுக்காக நான் தேடிப்பிடித்த வீடியோவில், எஞ்சின் கவரைக் கழற்றுவதை முழுசாகக் காட்டுகிறார்கள். போல்ட்டைத் திருகுவதை நாலு கோணத்தில் காட்டுகிறார்கள். ஸ்பேனரைக்கூட முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். இம்பெல்லரைச் சொருகுகிற அந்த வினாடியில் மெக்கானிக்கின் தலை குறுக்கே வருகிறது. தலை விலகும்போது வேலை முடிந்துவிட்டது! ‘அவ்வளவுதான் நண்பர்களே, ரொம்ப ஈசி.’ என்ன ஈசி? எதற்காக எடுத்தாயோ அது படத்தில் இல்லையே! தோளுக்கு மேலே இருந்து, கையின் பக்கமாகக் கேமராவை வைத்து, மெதுவாக இன்னொரு தரம் செய்யச் சொல்லி எடுத்திருக்கக் கூடாதா?

பாம்பன் பாலமும் அப்படித்தான். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் போகும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு பிரியாமல் அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். போனைக் கைப்பிடிச் சுவரில் அசையாமல் சாய்த்துவைத்து எடுத்து, பழைய பாலம் திறக்கும் காட்சி ஒன்றைப் பக்கத்தில் சேர்த்தால், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் வித்தியாசம் புரிந்துவிடும். இவர்களோ சாலைப் பாலத்தில் வண்டியை மறித்து நிறுத்திக்கொண்டு, நாலு வினாடி பாலம், நாற்பது வினாடி தங்கள் முகம், மறுபடி ஆட்டிக்கொண்டே ஜூம். போதாக்குறைக்கு அந்தக் காற்றில் பேசியது ஒன்றும் கேட்காது. பாம்பன் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள். மைக்குக்கு ஒரு பஞ்சு உறை போடுங்கள். அல்லது படத்தை அங்கே எடுத்துவிட்டு, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குரலைத் தனியாகப் பதிந்து சேர்த்துவிடுங்கள். திரையில் நாலு வார்த்தை எழுத்தும் ஓடட்டும். பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், காது கேளாதவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது பாசி வளர்ப்பு வீடியோ.

மண்டபம் பக்கம் நம் பெண்கள் மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் என்ற கடல்பாசியை வளர்க்கிறார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மிதவை, வரிசையாகக் கயிறு, கயிறு நெடுகப் பாசித் துண்டுகள், மீன் கடிக்காமல் இருக்க அடியில் வலை. சுமார் 45 நாளில் அறுவடை. கயிற்றின் புரியைப் பிரித்து, சின்ன நூலைக் கோத்து, துண்டு நெரிபடாமலும் அலைக்கு நழுவாமலும் கட்டுகிறார்களே, அந்த முடிச்சில்தான் தொழிலே இருக்கிறது. இறுக்கினால் துண்டு ஒடிந்துபோகும், தளர்த்தினால் கடலோடு போகும். புதிதாகத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு முடிச்சைக் கிட்டத்தில், மெதுவாக, இரண்டு மூன்று தரம் காட்டினால் போதும்.

வெளியூரில் இருந்து வந்தவர்கள் எடுத்த வீடியோவில் என்ன இருந்தது? வானத்தில் இருந்து ட்ரோன். பச்சைக் கடல், அதில் சதுரம் சதுரமாக மிதவைகள். உணர்ச்சியைப் பிழியும் புல்லாங்குழல். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் அக்காவின் சிரிப்பு, அதுவும் வேகத்தைக் குறைத்து. முடிச்சு வந்தது இரண்டே வினாடி. அந்த அக்கா எங்களுக்குத் தெரிந்தவர். வேலையை நிறுத்திவிட்டு, கரையில் உட்கார்ந்து, எந்த மாதம் பாசி வெளுத்துப் போகும், எப்படிப்பட்ட விதைத் துண்டை எடுக்கக் கூடாது என்று வெகுநேரம் சொன்னாராம். வீடியோவில் அவர் வாய் அசைகிறது, பாட்டு ஓடுகிறது. தன் படம் வந்திருக்கிறது என்று பார்க்க வந்தவர், ‘நான் பேசுனத எங்க காணோம்?’ என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த வீடியோவை எடுத்தவர்களுக்குச் சொல்கிறேன். அவர் பேசிய பதிவு உங்களிடம் இன்னும் இருக்கும். பாட்டை எடுங்கள், ட்ரோனை எடுங்கள். அவர் குரலை முழுசாக வைத்து, முடிச்சுப் போடும் கையைக் காட்டி, எடுத்த தேதியையும் எழுதி மறுபடி ஏற்றுங்கள். முடிச்சைச் சரியாக எடுக்கவில்லை என்றால் திரும்ப வாருங்கள், அக்கா இன்னொரு தரம் கட்டிக் காட்டுவார். அவர் கூலிக்குப் போகும் நாளாக இருந்தால் அந்த நாள் கூலியைக் கொடுத்துவிட்டு எடுங்கள்.