ரேஸ் காராவே இருக்கட்டும், வீட்டுக்குத் திரும்பி வரணும்லா

துபாய்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல வேல பாக்கற என் சித்தி மவன் நேத்து ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுருந்தான். "அண்ணே, ஒரு ஆளு போர்ஷே ஜிடி3 ஆர்எஸ் கொண்டு விட்டுருக்கான், ரேஸ் டிராக்க நெனச்சு செஞ்ச ஸ்போர்ட்ஸ் காரு. பொறத்த சீட்டு கெடையாது, கதவு தொறக்க கைப்பிடிக்குப் பதிலா ஒரு துணி வாரு, எல்லாம் வெயிட்டு கொறைக்கதுக்கு. இப்ப அவன் என்ன கேக்கான் தெரியுமா, பாட்டு சரியா கேக்கலியாம், பெரிய ஸ்பீக்கரும் ஊஃபரும் வச்சுக் குடுக்கணுமாம்."

வயிறு வலிக்க சிரிச்சேன். அப்புறம் வாசல்ல நிக்கற என் ஃபோக்ஸ்வாகன் போலோவப் பாத்ததும் சிரிப்பு அடங்கிப் போச்சு. ஏன்னா சொகுசெல்லாம் கழிச்சு, குலுங்குனாத்தான் உண்மையான ஸ்போர்ட்ஸ் காருன்னு சொல்லுகாங்கல்லா, அந்தப் பேச்ச நம்பி, அந்த ஆளு கோடிக்கணக்குல பண்ணுன கிறுக்குத்தனத்த நான் 105 குதிரை சக்தி வண்டியில பண்ணி வச்சவன்.

நாலு வருசம் முன்னாடி, செகண்ட் ஹேண்ட்ல எடுத்த போலோ ஜிடிக்கு, யூட்யூப் பாத்து பாத்து மண்ட சூடாகி, உயரத்தக் கொறைக்கற ஸ்பிரிங் வாங்கி மாட்டுனேன். பாக்க அருமையாத்தான் இருந்துச்சு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு விரலு கூட போவாது. முதல் நாளே அம்மாவ ஏத்திட்டு வடசேரில இருந்து பார்வதிபுரம் வரைக்கும் போனேன். இறங்கும்போது இடுப்பப் பிடிச்சுட்டே சொன்னாங்க, "மக்ளே, இடுப்பு ஒடியணும்னா எனக்கு டவுண் பஸ்ஸே போதும், பொம்பளைங்களுக்கு டிக்கெட்டும் கெடையாது." அதுக்கப்புறம் அந்த வண்டியில ஏறவே இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குக் கூட ஆட்டோதான்.

அம்மா சொன்னா வயசாச்சுன்னு விட்டுரலாம். என் கண்ணத் தொறந்தது ஒரு கல்யாணம். குலசேகரத்துல. தக்கலையில இருந்து நானும் என் கூட்டுக்காரனும் ஒண்ணா கிளம்புனோம். அவனுக்கும் அதே போலோ ஜிடி, அதே இஞ்சின், ஒரு போல்ட்டு கூட மாத்தாம கம்பெனி எப்படிக் குடுத்துச்சோ அப்படியே வச்சிருந்தான். ரப்பர் மரத்துக்க நடுவுல போற அந்த ரோடு தெரியும்லா, மழ ரெண்டு பருவத்துலயும் பெஞ்சு தார் அங்கங்க பேந்து ஒட்டுப் போட்டு, ஒட்டுக்கு மேல ஒட்டுப் போட்டு கெடக்கும். நான் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால பிரேக்கப் பிடிக்கேன், வண்டி டக் டக்குன்னு துள்ளுது, ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது. அவன் முன்னாடி நாப்பதுல சாதாரணமா, பொண்டாட்டி மடியில பிள்ள தூங்க, பாட்டுப் போட்டுட்டுப் போறான். நான் மண்டபத்துக்கு வந்து சேரும்போது அவன் ரெண்டாவது தடவ பாயசம் வாங்கிட்டு இருந்தான். ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருந்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க.

இதுல மந்திரம் ஒண்ணும் கெடையாது. பிரேக்கு பிடிக்கறதும் வளையறதும் முடுக்கறதும் எல்லாமே ரோட்ட தொட்டுட்டு இருக்கற அந்த நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான். ஸ்பிரிங் கல்லு மாதிரி இருந்தா குழியில டயரு இறங்கறதுக்குள்ள வண்டி தாண்டிரும், மேட்டுல ஏறுனா வண்டியோட சேந்து டயரும் தூக்கும், அந்த நேரத்துல நீங்க பிரேக்க மிதிச்சாலும் காத்தத்தான் மிதிக்கீங்க. ரேஸ் டிராக்கு பில்லியர்ட்ஸ் மேசை மாதிரி இருக்கும், அங்க கெட்டி ஸ்பிரிங் வேல செய்யும், வண்டி சாயாது, குனியாது. அதயே கொண்டு வந்து நம்ம ஊரு ரோட்டுல போட்டா கொழுத்த துட்டு குடுத்து பிடிமானத்தக் கொறச்சுக்கிட்ட மாதிரிதான்.

நான் சொன்னா நம்ப மாட்டீங்க, மைக்கேல் ஷூமாக்கர் சொன்னா நம்புவீங்கல்லா? ஃபெராரி 430 ஸ்குடேரியா 2007ல வந்துச்சு, சாதா எஃப்430ய விட வெயிட்டு கொறச்ச முரட்டு வண்டி. அதுல இஞ்சின், கியர் எல்லாத்தையும் ரேஸ் மோடுல வச்சுட்டு, ஷாக் அப்சார்பர மட்டும் தனியா மிருதுவாக்கிக்கிடலாம், அதுக்குன்னே ஒரு பட்டன். அது ஷூமாக்கர் கேட்டு வச்சதுன்னுதான் ஃபெராரி சொல்லிச்சு. ஃபார்முலா 1 பந்தயத்துல ஏழு தடவ உலக சாம்பியன் ஆன மனுசனுக்கு மேடு பள்ளத்துல ஷாக்கு மிருதுவா இருக்கணும்னு தோணியிருக்கு, நமக்குத்தான் வண்டி குலுங்குனாத்தான் ரேஸ் வண்டின்னு நெனப்பு.

சரி, டிராக்குன்னு பேசுறியே நீ டிராக்குல ஓட்டியிருக்கியான்னு கேப்பீங்க. ஓட்டியிருக்கேன், ஒரே ஒரு நாள். கோயம்புத்தூர் செட்டிபாளையம் பக்கத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே, அதே போலோ, அதே ஸ்பிரிங். அங்க அந்த ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது, ரோடே வேற ரோடு. ஆனா நாலாவது ரவுண்டுல பிரேக்கு சூடாகி பெடலு உள்ள உள்ள போவுது, நெஞ்சு பதறிப் போச்சு. நான் துட்டு செலவழிச்சிருக்க வேண்டியது பிரேக் பேடும் ஆயிலும், மாட்டுனது ஸ்பிரிங். அத விட முக்கியமா சீட்டு. வளைவுல உடம்பு வழுக்கி வழுக்கி கதவுல போய் மோதுது, ஸ்டியரிங்க பிடிச்சுத் தொங்கிட்டுத்தான் ஓட்டுனேன், சாயங்காலம் தோள்பட்டை தூக்க முடியல. பக்கத்துல ஒரு பையன், உடம்ப ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கற பக்கெட் சீட்டு போட்ட பழைய வண்டியில வந்திருந்தான், அவன் சும்மா நாற்காலியில இருக்கற மாதிரி இருந்து ஓட்டுகான். அங்க அந்த பக்கெட் சீட்டுதான் சொகுசு. (அதே சீட்டுல எங்க அம்மாவ இருக்க வச்சா இறக்கறதுக்கு ஜேசிபிதான் வரணும், அது வேற கத.)

இப்ப கணக்குக்கு வாங்க. அந்த டிராக்கு ஒரு ரவுண்டு 2.1 கிலோமீட்டர். பிரேக்க ஆறவிட்டு ஆறவிட்டு நான் ஓட்டுனது 20 ரவுண்டு, ஆக 42 கிலோமீட்டர். அதுக்காக நாகர்கோவில்ல இருந்து போயிட்டு வந்தது 800 கிலோமீட்டருக்கு மேல. காலையில ரெண்டு மணிக்கு கிளம்பி, ஆரல்வாய்மொழி தாண்டி, திருநெல்வேலி, மதுரைன்னு போயி, திரும்பி வரும்போது முதுகெலும்பு ஒவ்வொண்ணும் தனித்தனியா பேசுது. 42க்காக 800ஐ அனுபவிச்சவன் நான். ரேஸ் கார் வச்சிருக்கறவன் லாரியில ஏத்திட்டுப் போவான், அவனுக்கு ஏசி எதுக்கு, கண்ணாடி எதுக்கு. ஆனா டிஎன் 74ன்னு நம்பர் போட்ட வண்டி தன் கால்லயே போயி தன் கால்லயே வீடு வரணும்லா, அந்த நம்பர் பிளேட்டுக்கு அர்த்தமே அதானே.

திரும்பி வரும்போது நடந்தது இன்னொண்ணு. ஆனி மாசம், முப்பந்தல் காத்தாடிக்க பக்கத்துல வரும்போது காத்து பக்கவாட்டுல அடிச்சுத் தள்ளுது, லாரிக்காரனே அசையறான். நேத்து சித்தி மவன் ஜிடி3 ஆர்எஸ்னு சொன்னதும் எனக்கு அந்தக் காத்துதான் நெனப்பு வந்துச்சு. அந்த வண்டிக்க பின்னாடி இருக்கற பெரிய ரெக்கையும் மத்த சாமானும் சேந்து 285 கிலோமீட்டர் வேகத்துல 860 கிலோ எடைக்கு வண்டிய ரோட்டோட அமுக்கும்னு போர்ஷே சொல்லுது. கேக்கவே மிரட்டலாத்தான் இருக்கு. ஆனா இந்த அமுக்கு வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும், வேகம் பாதியானா அமுக்கு கால்வாசி ஆயிரும். நம்ம மார்த்தாண்டம் ரோட்டுல போற 60க்கு கணக்குப் போட்டா 40 கிலோ கூட வராது. பொறத்த ஒரு நேந்திரங்கொலையும் ரெண்டு தேங்கா மூட்டையும் வச்சா அத விட நல்லா அமுக்கும்.

ஏசி விசயத்துலதான் எனக்கு வெப்ராளம் வரும். ஏசிய எடுத்தாத்தான் உண்மையான ஸ்போர்ட்ஸ் காருன்னு சொல்லுகவங்க ஒருக்கா மிதுனத்து மழையில களியக்காவிளை வரைக்கும் ஏசி இல்லாம போயிட்டு வாங்க. பத்தே நிமிசத்துல உள்ள கண்ணாடி முழுக்க ஆவி மூடிரும், எதிர்ல வாரது கேரளா பஸ்ஸா எமனா தெரியாது. ஏசி உள்ள இருக்கற ஈரத்த உறிஞ்சி கண்ணாடிய தெளிவாக்குது, அது சொகுசுக்கு மட்டுமா? 1987ல வந்த ஃபெராரி எஃப்40ய எடுத்துக்கிடுங்க, ரேடியோ கெடையாது, கார்ப்பெட் கெடையாது, கதவ உள்ள இருந்து தொறக்க ஒரு கயிறு, அவ்வளவு துறவி மாதிரி செஞ்ச வண்டியில கூட ஏசி இருந்துச்சு. 1992ல வந்த டாட்ஜ் வைப்பர்ல ஏசியும் இல்ல, வெளிப்பக்கம் கதவுக்குக் கைப்பிடியும் இல்ல, ரெண்டு வருசத்துல ஏசி கொண்டு வந்துட்டாங்க. 2014 கேமரோ இசட்/28ல ஏசி வேணும்னா தனியா துட்டு கட்டணும், ஸ்பீக்கரு ஒண்ணே ஒண்ணு, அதுவும் சீட் பெல்ட் போடச் சொல்லி மணியடிக்க சட்டப்படி வேணும்கறதால வச்சது. இதுல எனக்குப் பிடிச்சது அந்த ஒத்த ஸ்பீக்கருதான், அப்படி ஒரு கஞ்சத்தனம்.

சொகுசு, வேகம் ரெண்டையும் ஒண்ணா செஞ்சு காட்டுனவரு கார் வடிவமைக்கற கார்டன் மர்ரே. மெக்லாரன் எஃப்1. ஏசி உண்டு, சிடி சேஞ்சர் உண்டு, அந்த வண்டிக்க உள்ள வைக்கறதுக்குன்னே அளவெடுத்துத் தச்ச பெட்டியும் உண்டு, மூணு பேரு இருக்கலாம், இருந்தும் எட 1,140 கிலோ கிட்டதான். ரோட்டுல ஓட்டத்தான் அவரு வரஞ்சாரு, வாங்கறவங்க வற்புறுத்துனதுல பந்தயத்துக்கு மாத்துனாங்க, 1995ல லே மான்ஸ்னு பிரான்ஸ்ல நடக்கற 24 மணி நேரப் பந்தயத்துல கொட்டுற மழையில முதல் இடம். சொகுசு வேணும்னா எட ஏறித்தான் ஆகணும்னு யாராவது சொன்னா இந்த வண்டியக் காட்டுங்க. ஏசிய வச்சுக்கிட்டு, ஆனா ஏசிக்க ஒவ்வொரு கிராமையும் எண்ணிப் பாத்த மனுசன் அவரு.

நம்ம மாதிரி சாதா ஆளுக்கு மர்ரே மாதிரி யாரும் வண்டி செஞ்சு தரப்போறதில்ல, அது தெரியும். இப்ப வர்ற ஸ்போர்ட்ஸ் காருங்க 1,700 கிலோவுக்கு வந்து நிக்குது, பிஎம்டபிள்யூ எம்2 அந்தக் கணக்குதான். கண்ணாடிக் கூரை, மசாஜ் பண்ற சீட்டு, மாரியம்மன் கோயில் கொடைக்கு சீரியல் செட்டு போட்ட மாதிரி கதவு முழுக்க கலர் லைட்டு, இதெல்லாம் எனக்குக் குடுத்தா கழத்தி வீட்டுல வச்சுருவேன். கூரையில கண்ணாடி வச்சா வண்டிக்க உச்சியில எட ஏறுது, அது வளைவுல சாய்க்கும். அத விட்டுட்டு ஏசிய கழத்துறேன்னு நிக்கறவன என்ன சொல்ல.

1973 போர்ஷே கரேரா ஆர்எஸ் 2.7, கலெக்டருங்க சாமி கும்பிடற வண்டி. பந்தயத்துல சேக்கறதுக்கு 500 வண்டி விக்கணும்னு ஆரம்பிச்சு மொத்தம் 1,580 வித்துச்சு. அதுல சொகுசெல்லாம் கழிச்ச லைட் வெயிட்டு 960 கிலோ, சொகுசோட வர்ற டூரிங் 1,075 கிலோ. 115 கிலோ வித்தியாசம், ரெண்டு மூட்ட சிமெண்டும் ஒரு சின்னப் பிள்ளையும். வாங்குனவங்கள்ல 1,308 பேரு எத எடுத்தாங்க தெரியுமா, டூரிங்க. லைட் வெயிட்டு 200 தான். அந்தக் காலத்து ஜெர்மன்காரனுக்கே முதுகு இருந்திருக்கு.

சித்தி மவனுக்கு இதயெல்லாம் திருப்பி மெசேஜ் போட்டேன். கேட்டுட்டு அவன் சொன்னான், "அண்ணே, நீங்க சொல்லுகது செரிதான், ஆனா வாங்குகவனுக்கு வாங்கணும்கற ஆசதான பெருசு, ஓட்டுகது அப்புறம்." அதுக்கு என்கிட்ட பதிலில்ல. நானும் ஆசப்பட்டுத்தான மாட்டுனேன், டீக்கடையில நாலு பேரு குனிஞ்சு பாத்தப்ப குளுகுளுன்னுதான் இருந்துச்சு.

நம்ம ரோட்டுக்குன்னு யாரோ நெனச்ச மாதிரி போர்ஷே 911 டகார்னு ஒண்ணு விட்டாங்க, ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் போட்ட கரேராவ விட 50 மில்லிமீட்டர் உயரம், பட்டன அமுக்குனா இன்னும் 30 மில்லிமீட்டர் தூக்கும், உலகத்துக்கே 2,500 வண்டிதான். லாட்டரி அடிச்சா அதுதான். அது வரைக்கும் போலோ. போன மாசம் பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிட்டேன், நல்ல பிரேக் பேடு போட்டேன், அடுத்த தடவ செட்டிபாளையம் போகும்போது ஏசிய அணைச்சுக்கிடுவேன், அதுக்கு ஒரு குமிழு இருக்கு. ஞாயித்துக்கிழம அம்மா முன் சீட்டுல ஏறி இருந்தாங்க, தோவாளை வரைக்கும் பூ வாங்கப் போனோம், ஒண்ணும் சொல்லல. அம்மா ஒண்ணும் சொல்லலன்னா அது பெரிய விசயம்.

கழத்துன ஸ்பிரிங் நாலும் கோழிக்கூட்டுக்கு மேல கெடக்கு. போலோ வச்சிருக்கற தம்பிமாரு யாருக்காவது இத்தன படிச்சப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா வந்து எடுத்துக்கிடுங்க, துட்டு வேண்டாம், ஒரு கொல மட்டிப்பழம் கொண்டு வந்தா போதும்.