ஒழுகவில்லையாம், அதனால் லீக் இல்லையாம்!

"எங்கேயும் ஒழுகலையே அண்ணே, அப்புறம் எப்படி லீக் இருக்கும்?" படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாரைப் பழுது பார்க்கிற மெக்கானிக்கே, எண்ணெய் (எரிபொருள்) வருகிற ஓஸைப் பற்றி இப்படிக் கேட்டால் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

கரையில் நன்றாக உறுமுகிற மோட்டார், ஆழத்துக்குப் போனதும் விக்கி விக்கி நின்றுவிடுகிறது. அலை படகைக் குறுக்கே தள்ளுகிறது. நாம் மோட்டாருக்கு எண்ணெய் ஏற்றக் கையால் அமுக்குகிற ரப்பர் பல்பைப் பிசைந்துகொண்டு கிடக்கிறோம். கரைக்கு வந்து சொன்னால் உடனே கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள். கூலி தனி. பல்பை மட்டும் ஒருத்தரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஓஸில் தொங்குகிற அந்தப் பல்பின் இரண்டு முனையிலும் ஒருவழி வால்வு இருக்கிறது. அமுக்கினால் டேங்க் பக்கம் மூடும், மோட்டார் பக்கம் திறக்கும். கையை எடுத்தால் நேர்மாறு. சில தடவை அமுக்கியதும் கல்லு மாதிரி இறுகவேண்டும். தொளதொளவென்றே இருந்தால் வால்வு போயிருக்கும், இல்லையென்றால் எங்கேயோ காற்று நுழைகிறது. மோட்டார் ஓடும்போது அதன் பம்ப்தான் எண்ணெயை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற குழாயில் பொத்தல் இருந்தால் வெளியே சொட்டாதய்யா, காற்றுதான் உள்ளே போகும்! கீறிப்போன ஸ்ட்ராவில் இளநீர் குடித்ததே இல்லையா?

பொருத்துகிற லட்சணம் இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் கிடக்கிற ஓஸுக்கு துருப்பிடிக்காத எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கிளிப்தான் போடவேண்டும். இவர்கள் போடுவது சாதா இரும்புக் கிளிப். துருப்பிடித்து அறுந்ததும் அதன்மேல் சைக்கிள் டியூபைக் கிழித்து ஒரு கட்டு. பல்பின் அம்புக்குறி மோட்டாரைப் பார்க்கவேண்டும், அமுக்கும்போது அந்த முனை மேலே இருக்கவேண்டும். படுக்கையில் போட்டு அமுக்கினால் உள்ளே வால்வு சரியாக உட்காராது. டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் திருகைத் திறக்காமலே "மோட்டார் இழுக்கலை" என்கிற புண்ணியவான்களும் உண்டு. அது மூடியிருந்தால் டேங்க் உள்ளே ஒட்டிக்கொண்டு எண்ணெய் வராது, அவ்வளவுதான்.

அப்புறம் கடையில் விற்கிற டூப்ளிகேட் பல்பு. வாங்கும்போது பளபள. கொஞ்ச நாள் எண்ணெயில் ஊறியதும் ரப்பர் உப்பி, உள்ளே வால்வு கோணிக்கொள்கிறது. மோட்டாருக்கு லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு இந்தச் சனியனுக்காக நடுக்கடலில் துடுப்புப் போடவேண்டுமா?

இப்போதெல்லாம் புதுப் பல்பைக் கடையிலேயே வாயில் வைத்து ஊதிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். அம்பு போகிற பக்கம் காற்று போகணும், எதிர்ப்பக்கம் துளிகூடப் போகக்கூடாது. கடைக்காரர் முறைக்கிறார். முறைக்கட்டும், நடுக்கடலில் பிசையப்போவது அவரா?