நாலு நிறம்தானே கேட்டேன், சொத்தில் பங்கா கேட்டேன்?

நேற்று ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு, பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஏழாவது மாடி வீடொன்றில், சாப்பாட்டு மேசை மேல் குனிந்து மெழுகு கிரேயானால் தாளில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த நாற்பத்திரண்டு வயது ஆள் நான்தான். பதினெட்டு வருட மென்பொருள் அனுபவம். கையில் பச்சை கிரேயான்.

கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். லாக் ஃபைலில், அதாவது நிரல் தான் செய்ததையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பில், நாலு சொல் தேட வேண்டும். ஆர்டர் எண், பரிவர்த்தனை எண், டைம்அவுட் (பதில் வருமுன் நேரம் முடிந்தது), ரீட்ரை (மறுமுயற்சி). நாலும் நாலு நிறத்தில் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் எடுத்திருக்கிறார்கள், எங்கே குழம்பியது என்று காலைக்குள் சொல்ல வேண்டும்.

நிரல் எழுதவும் லாக் படிக்கவும் நான் வைத்திருக்கும் எடிட்டரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்களிடமும் அதுதான் இருக்கும். அதில் ஆர்டர் எண்ணைத் தேடினேன். மஞ்சளாகப் பளிச்சென்று வந்தது. 48,112-ஆவது வரி. நல்லது. அடுத்து டைம்அவுட் என்று அடித்தேன். டைம்அவுட் மஞ்சளானது, ஆர்டர் எண் காணாமல் போனது. திரும்பி ஆர்டர் எண்ணை அடித்தேன். டைம்அவுட் போய்விட்டது. எந்த வரியில் பார்த்தேன் என்பதும் போய்விட்டது. கூரியர் ரசீதின் பின்பக்கத்தில் வரி எண்களைப் பேனாவால் எழுத ஆரம்பித்தேன். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் அது மளிகைக்கடைக் கணக்கு மாதிரி இருந்தது. 48,112க்குப் பக்கத்தில் "ரீ?" என்று எழுதியிருந்தேன். என்ன ரீ?

அப்புறம் மூளை வேலை செய்தது. நாலு சொல்லுக்கும் நடுவில் செங்குத்துக் கோடு போட்டு ரெஜெக்ஸாக, அதாவது 'இதுவோ அதுவோ' என்ற தேடல் குறியீடாகத் தேடினால் எல்லாம் சேர்ந்து வரும். வந்தது. எல்லாம் ஒரே மஞ்சள். கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே கலர் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்துவிட்டு, இதில் உன் சித்தி யார் என்று கேட்பது போல.

எரிச்சல் தலைக்கேறியது எங்கே தெரியுமா? இதே எடிட்டர், அடைப்புக்குறிகளுக்கு நான் கேட்காமலே நிறம் பூசும். வெளிக்குறி ஒரு நிறம், உள்குறி ஒரு நிறம், அதற்குள்ளே இன்னொன்று. ஹோலிப் பண்டிகை. தேடும் சொல்லுக்கு இரண்டாவது நிறம் கேட்டால் மட்டும் எக்ஸ்டென்ஷன் என்ற துணைநிரலைப் போட்டுக்கொள் என்கிறது. எங்கள் ஆபீஸ் லேப்டாப்பில் எக்ஸ்டென்ஷன் போட அனுமதி வாங்க வேண்டும். படிவத்தில் "வணிக நியாயம், குறைந்தது 50 சொற்கள்" என்று ஒரு கட்டம். எழுதினேன். அனுமதி தருபவர் லீவு. அவருக்குப் பதில் பார்ப்பவர், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் என்று பதில் போட்டார்.

போன மாதம் வரை என்னிடம் விண்டோஸ் இருந்தது. அதில் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எடிட்டர். 2003-இல் வந்தது, இலவசம். சொல்லின் மேல் வலது கிளிக் செய்து முதல் ஸ்டைல், இரண்டாம் ஸ்டைல் என்று ஐந்து வரை கொடுக்கலாம். வெளிர்நீலம், ஆரஞ்சு, மஞ்சள், ஊதா, பச்சை. வேறு எதைத் தேடினாலும் பூசிய நிறம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். எங்களுக்கு "அப்கிரேட்" என்று சொல்லி மேக் கொடுத்தார்கள்.

டீமில் நாகர்கோவில் தம்பி ஒருவன். பதினொன்றரைக்குப் போன் போட்டேன். "அண்ணா, விம் இருக்குல்லா? மேட்ச் போடுங்க." போட்டேன். விம் இன்னொரு எடிட்டர்; மேட்ச் அதில் நிறம் பூசும் கட்டளை. மேட்ச், 2மேட்ச், 3மேட்ச் என்று மூன்றுதான் உண்டு. அதிலும் மூன்றாவதை ஜோடி அடைப்புக்குறியைக் காட்டுவதற்கு எடுத்துக்கொள்கிறார்கள். மறுபடியும் அடைப்புக்குறி! போன ஜென்மத்தில் அதற்கு என்ன கடன்பட்டேனோ. "அப்போ மேட்ச்ஆட் இருக்குண்ணா, எத்தனை வேணும்னாலும் சேக்கலாம். இல்லன்னா ஈமேக்ஸ்னு இன்னொரு எடிட்டர்ல ஹை-லாக், அடுத்த கலர அதுவே எடுத்து நீட்டும்." தம்பி, போனை வை என்றேன். அவன் சொன்னது அத்தனையும் சரி. நடுராத்திரியில் சரியாகப் பேசுகிறவனை யாருக்குப் பிடிக்கும்?

எங்கள் அம்மாவுக்குக் கன்னடம் ஒரு எழுத்து தெரியாது. சேலத்திலிருந்து வந்தால் தனியாக மெட்ரோவில் போய்வருகிறார். மெஜஸ்டிக்கில் ஊதாவிலிருந்து பச்சை, ஆர்.வி. ரோட்டில் பச்சையிலிருந்து மஞ்சள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் திறந்ததிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் நிறத்தைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுகிறார். ஊருக்கே புரிந்த சங்கதி அந்த எடிட்டருக்குப் புரியவில்லை.

கடைசியில் லாக்கில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி இருபத்திரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்தேன். மகளின் பையைத் திறந்தேன். ஆர்டர் எண்ணுக்கு ஆரஞ்சு, பரிவர்த்தனை எண்ணுக்கு ரோஸ், டைம்அவுட்டுக்கு நீலம், ரீட்ரைக்குப் பச்சை. எட்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு நீலத்துக்குக் கீழேயும் ஒரு பச்சை, பச்சைக்குக் கீழே புதிதாக ஒரு ரோஸ். வங்கியிடமிருந்து பதில் வரத் தாமதமானால் பணம் போகவில்லை என்று எங்கள் நிரலே முடிவுகட்டி, புதுப் பரிவர்த்தனை எண்ணோடு இன்னொரு முறை கேட்டிருக்கிறது. வங்கி பாவம், இரண்டு முறையும் கொடுத்திருக்கிறது. அந்த நிரல் வரிகளை எழுதியது யார் என்று பார்த்தேன். 2021-இல் நான்.

சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மனைவி எழுந்து வந்து, தாளையும் கிரேயானையும் என்னையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துவிட்டாள்.

கிரேயான் பெட்டியை மூடும்போதுதான் கவனித்தேன். 24 நிறத்தில் இருபத்துமூன்றும் தேய்ந்து கட்டையாகிவிட்டன. ஒன்று மட்டும் வாங்கியபடியே இருக்கிறது. வெள்ளை. வெள்ளைத் தாளில் எழுத வெள்ளை கிரேயான் எதற்கய்யா?